ஷட்டர் மூடும் வேகம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒகேனக்கல்லில் இன்று நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் கேட்கிறோம். பரிசல் ஓடுமா, அருவியில் குளிக்க விடுவார்களா, மேட்டூர் எப்போது நிரம்பும் என்றெல்லாம் அதை வைத்துக் கணக்குப் போடுகிறோம். ஆற்றுக்குள்ளேயே வாழும் உயிர்களுக்கு அந்த எண் என்ன சொல்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த தீர்ப்பில் 10 டி.எம்.சி. தண்ணீரைச் சுற்றுச்சூழலுக்கென்றே ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழக எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோதும், இந்தப் பங்கில் கை வைக்கவில்லை. நெல்லுக்கும் குடிநீருக்கும் நாம் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, 10 டி.எம்.சி. வந்துவிட்டால் போதுமா? போதாது. எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதும் முக்கியம்.

மஹ்சீர் என்கிற பெரிய கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதுகு திமில்போல் உயர்ந்த ஓர் இனம் உலகிலேயே காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டும்தான் இருக்கிறது. மிக அருகிவிட்ட உயிரினம் என்று 2018இல் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். மஹ்சீர் மீன்கள் புதுவெள்ளம் வந்ததும் எதிர்நீச்சல் போட்டு மேலேறி, கூழாங்கல் படுகையில் முட்டையிடும். மீனுக்கு ஆற்றின் ஓட்டம்தான் பஞ்சாங்கம். மழைக்காலத்து முதல் வெள்ளத்தை மேலே உள்ள அணைகள் முழுதாகப் பிடித்துக்கொண்டால், மேலேறும் நேரம் வந்ததே அதற்குத் தெரியாது. வெள்ளம் வந்து, அணையின் ஷட்டரைச் சட்டென்று மூடினாலோ கரையோரக் குழிகளில் மீன்கள் சிக்கிக்கொள்ளும். முட்டைகள் கல்லோடு காய்ந்துபோகும். முதலை கோடையில் கரை மணலைத் தோண்டி முட்டையிடும். அந்த நேரத்தில் திடீரென்று தண்ணீர் திறந்தால் அந்த முட்டைகள் மூழ்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள். நீர்நாயும் முதலையும் ஆமையும் வாழும் இடம். காட்டுக்குக் காவல் போட்டாயிற்று. அதன் நடுவே ஓடும் தண்ணீரின் போக்கு மட்டும் எங்கோ மேலே முடிவாகிறது.

நம் பக்கத்து இன்னோர் ஆறான தென்பெண்ணையின் நோய் வேறு. நந்தி மலையில் பிறந்து, பெங்களூருப் பக்கத்துக் கழிவை வாங்கிக்கொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே மதகைத் திறந்தால் நுரை பொங்குகிறது. அந்தக் கழிவை மேலேயே சுத்திகரிக்காமல், இங்கே எத்தனை கன அடி திறந்தாலும் மீனுக்குப் பயனில்லை.

"மனுஷனுக்கே தண்ணீர் இல்லை, மீனுக்கா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கும் பகுதி நம்முடையது. ஆனால் ஷட்டரை ஒரேயடியாக மூடாமல் படிப்படியாக இறக்கினால் பாசனத்துக்குப் பெரிய நஷ்டம் வராது. கங்கையின் மேல்பகுதிக்கு 2018இலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது: வறண்ட மாதங்களில் சராசரி ஓட்டத்தில் 20 சதவீதம், மழைக்காலத்தில் 30 சதவீதம் ஆற்றில் ஓடியே ஆக வேண்டும். நம் ஆறுகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆற்றில் வலை போடுகிறவர்களே, எந்த மாதம் எந்த மடுவில் மீன் சினையோடு இருக்கும், தண்ணீர் வற்றினால் முதலில் எந்தக் குழி பிரிந்து நிற்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதை எழுதிக் கொடுங்கள். அணைக்குப் பொறுப்பான பொறியாளர்கள் அங்கே வருவார்கள்.

வணக்கம்.