வேரை எந்த நாளில் பயமுறுத்துவது?

வணக்கம். காலையில் தொங்காட் அலி என்ற மருந்து வேர் கலந்த காப்பி குடித்துவிட்டு வானொலியைத் திருகியவர்கள் பினாங்கில் சிலராவது இருப்பீர்கள். அந்த வேர் வேண்டுமென்றால் நட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்து மரத்தையே பிடுங்க வேண்டும். அதனால்தான் வேரை மட்டும் மண்ணில்லாமல், சர்க்கரையும் உப்புகளும் கரைத்த நீரில், ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிறோம். கொரியாவில் ஜின்செங் வேரைப் பெரிய தொட்டிகளிலேயே வளர்க்கிறார்கள். நிலத்தில் 4 முதல் 6 ஆண்டுகள், தொட்டியில் சில வாரங்கள்.

வேர் வளர்ந்துவிடும். ஆனால் மருந்துச் சத்து பல நேரம் மிகக் குறைவு. அதுதான் வில்லங்கம். வேர் மருந்தை நமக்காகவா செய்கிறது? பூச்சியும் பூஞ்சையும் வந்தால் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிறது. குடுவையில் சர்க்கரை உண்டு, எதிரி இல்லை. மாமியார் வீட்டு மாப்பிள்ளை போலச் சும்மா கொழுக்கும்.

என் அப்பா கெடாவில் ரப்பர் பால்மரம் வெட்டியவர். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையை மெல்லச் சீவினால் மங்குக் கிண்ணத்தில் பால் வடியும். மரம் தன் காயத்தை மூடச் சுரப்பதுதான் அது. அப்புறம் எத்தபோன் என்ற ரசாயனம் வந்தது. பட்டையில் பூசினால் எத்திலீன் வாயு வெளிப்பட்டு, பால் நெடுநேரம் நிற்காமல் வடியும். எங்கள் தோட்டத்தில் ஆசைப்பட்டு அடிக்கடி பூசச் சொன்னார்கள். "மரத்துக்கு மூச்சுவிட நேரம் குடுக்கணும்மா" என்பார் அப்பா. யார் கேட்டது? பட்டை வறண்டு பல மரங்கள் பாலே தரவில்லை. அப்பாவின் கூலியும் குறைந்தது.

இதைப் பார்த்து வளர்ந்த நானே ஆய்வுக்கூடத்தில் அதே தப்பைச் செய்தேன். மீதைல் ஜாஸ்மோனேட் என்று ஒன்று. 1962இல் சாதிமல்லி எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தது. லிட்டில் இந்தியா பூக்கடையைக் கடக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அந்த வாசனையில் இதற்கும் பங்குண்டு. பூச்சி கடித்த செடி தனக்குள் அடிக்கும் அபாய மணியும் இந்த வகைதான். குடுவையில் கொஞ்சம் விட்டால், எதிரி வந்துவிட்டதாக நம்பி வேர் மருந்தைச் சுரக்கும். நான் வேரை இட்ட அன்றே விட்டேன். வேர் பழுப்பு நிறமாகி வளர்ச்சி நின்றுவிட்டது. கிராமுக்கு இவ்வளவு மருந்து என்று கணக்குப் போடலாம், கிராம் எங்கே? முதலில் சில வாரம் வளரவிட்டு, அறுவடைக்குச் சில நாள் முன்னால்தான் விட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பயம்.

மண்ணிலுள்ள ஒரு பாக்டீரியா தன் மரபணுத் துண்டைச் செடிக்குள் நுழைத்து, காயத்திலிருந்து முடி முடியாக வேர் கிளப்பும் கதையையும் எழுதி வந்தேன். அந்த வேர் ஹார்மோன் ஊற்றாமலே வேகமாக வளரும். வானொலி நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா, இரண்டு நொடியா? சரி, நன்றி, வணக்கம்.