முனையில் இருக்கிறது ஒலி

நேயர்களுக்கு வணக்கம். ஹெட்ஃபோன் ஒயரைப் பின்னுக்கு அருகே சற்று வளைத்ததும் ஒரு காதில் பாட்டு நின்றுபோவதையும், மறுபடி அசைத்ததும் அது திரும்பி வருவதையும் நீங்கள் அனுபவித்திருப்பீர்கள். ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆண்டுகள் கேபிள்களோடு பழகிய நான் கண்டதும் அதுவே: ஒலி கெடுவது பெரும்பாலும் கம்பியின் நடுவில் அல்ல, முனையில்தான்.

ஒரு குரல் பதிவின்போது, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. மைக்கை மாற்றினோம், மிக்ஸரில் வேறு சேனலுக்குப் போனோம், பயனில்லை. தற்செயலாக என் கை கேபிளின் உலோக முனையைத் தொட்டபோது ரீங்காரம் குறைந்தது. முனையைத் திருகித் திறந்து பார்த்தேன். முதல் பின்னில் இருக்க வேண்டிய, வெளி இரைச்சலைத் தடுக்கும் உறையான ஷீல்டின் கம்பி, சாலிடர் எனும் உலோகப் பற்று மங்கிச் சொரசொரத்த நிலையில், ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது; நகம் பட்டதும் கையோடு வந்துவிட்டது. சூடு போதாமல் வைத்த பற்று அது. மீண்டும் வைத்ததும் அமைதி திரும்பியது.

காரணம் எளிது. மைக் தருவது ஒரு வோல்ட்டில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதை ஆயிரம் மடங்கு பெருக்கும்போது, கேபிளுக்குள் புகுந்த மின்சார இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அதனால்தான் மைக் கேபிளில் இரண்டு கம்பிகளை முறுக்கி, மேலே ஷீல்டு போர்த்துகிறார்கள். இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரேபோல ஏறும்; மைக்கின் ஒலியோ எதிரெதிராகப் போகும். மறுமுனையில் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும்.

தங்கமுலாம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பு தங்கத்தை விஞ்சும். ஆனால் தங்கம் கறுக்காது, ஆகவே அதன் பயன் தொடும் இடத்தில்தான். மீண்டும் சொல்கிறேன், முனையில்தான். இரண்டு கேபிள்களை ஒப்பிடும்போது, சற்று உரக்க ஒலிப்பதையே காது தெளிவானது என்று எண்ணிவிடும். அளவைச் சமமாக்கி, எது எதுவென்று அறியாமல் கேளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதால் ஸ்பீக்கர் ஒயரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய கால் ஓம் தடை சேரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. இரு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் தாழ்ந்த ஒலிகள் கரைந்துபோகும். அதை முதலில் பாருங்கள். வணக்கம்.