மெழுகு சிந்தினால் துடைக்காதீர்கள்!

வணக்கம் மக்களே. நேற்று கார்த்திகை தீபம். எண்ணெய் அகலோடு கடையில் வாங்கிய மெழுகு அகலையும் வாசலில் வரிசையாக வைத்தோம். இன்று படி முழுக்க வெள்ளைத் திட்டு. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள்.

மெழுகு சிந்தியதும் கை தானாகத் துணியைத் தேடும். வேண்டாம். உருகிய மெழுகைத் துடைத்தால் இன்னும் பரவத்தான் செய்யும். அப்படியே இறுகட்டும். ஒரு கவரில் ஐஸ் கட்டி போட்டு இதன் மேல் வைத்திருந்தேன். குளிர்ந்த மெழுகு சுருங்கி, பட்டென்று உடையும். இதோ காலாவதியான ஏடிஎம் கார்டு. ஓரத்தில் கொடுத்து மெதுவாக நெம்பினால்... டக்! முழுசாக வந்துவிட்டது. கத்தி எடுத்தால் டைல்ஸில் கீறல் விழும். மிச்சப் பிசுபிசுப்புக்கு வெந்நீரும் பாத்திர சோப்பும் போதும்.

துணிதான் தலைவலி. இது அப்பாவின் பருத்தி வேட்டி. ஃப்ரீசரில் வைத்து எடுத்து, நகத்தாலேயே உதிர்த்துவிட்டேன். ஆனால் நூலுக்குள் இறங்கியது உதிராது. அதற்குச் சூடுதான். பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் வையுங்கள், நீராவி வேண்டாம். கறைக்கு மேலும் கீழும் வெள்ளைத் தாள். நியூஸ்பேப்பர் வைத்தால் மை இறங்கிவிடும், அப்புறம் அந்தக் கறைக்குத் தனி வீடியோ போட வேண்டியிருக்கும்! மேல் தாளில் அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்திவிட்டு, இப்போது எடுக்கிறேன். தாளில் எண்ணெய்ப் பசையாய் ஒரு வட்டம் தெரிகிறதா? வேட்டியில் இருந்த மெழுகுதான் அது. வட்டம் விழுவது நிற்கும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கலர் மெழுகு என்றால் சாயம் நிற்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள், முதலில் துணியின் மடிப்புக்குள் சோதித்துவிட்டு. பட்டுப்புடவையை மட்டும் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். ஜரிகையோடு விளையாட எனக்குத் துணிச்சல் இல்லை.

கண்ணாடிக் கிண்ண மெழுகுவத்தி வைத்திருப்பவர்களுக்கு: ஏற்றும் முன் திரியைக் கால் அங்குலத்துக்கு நறுக்குங்கள், புகையும் கரியும் குறையும். முதல் தடவை மேல்பரப்பு முழுக்க உருகும்வரை எரியட்டும். பாதியில் அணைத்தால் நடுவில் குழி விழுந்து, ஓரத்து மெழுகு வீணாகும்.

மெழுகு கலந்த வெந்நீரைச் சிங்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் ஆறி அடைத்துக்கொள்ளும். பாத்திரத்திலேயே ஆறவிட்டால் மெழுகு மேலே ஏடாக மிதக்கும், அப்படியே எடுத்துவிடலாம். அந்த ஏடு, சுரண்டிய துண்டு எல்லாவற்றையும் நான் சேர்த்து வைக்கிறேன். உருக்கும்போது நேராக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வையுங்கள். பருத்தித் திரியை மெழுகில் நனைத்துக் காலி அகலில் நட்டு, மேலே ஊற்றினால் அடுத்த பவர் கட்டுக்கு விளக்கு தயார். பக்கத்தில் ஒரு மூடி இருக்கட்டும். தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ சீறிக்கொண்டு மேலே எழும்பும்.