ஓட்டை போட்ட இறக்கை

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, இன்றைக்கும் நான் தப்புச் சொன்னால் திருத்துவதற்கென்றே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாலை போடுவதற்கு பதிலாகத் துண்டு போட்ட நூலகர் தம்பி அவர்களே, போன வருடம் என் பேச்சின் பாதியில் செத்துப்போன மைக்கை இந்த வருடம் பிழைக்க வைத்திருக்கும் ஒலிபெருக்கித் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பறக்கவிட்ட டான்ட்லெஸ் என்ற போர் விமானத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். அது எப்படிப் பிறந்தது, போரில் என்ன செய்தது, அதன் இடத்துக்கு வந்த விமானம் ஏன் தடுமாறியது. அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என்னை ஏற்கெனவே கேட்டவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி!

1930-களின் நடுவில் அமெரிக்காவில் நார்த்ராப் கம்பெனி பி.டி.-1 என்று ஒரு விமானம் செய்தது. அதன் வேலை இதுதான்: விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி, எதிரிக் கப்பலுக்கு மேலே உயரத்தில் போய், அங்கிருந்து ஏறக்குறைய 70 டிகிரி சாய்வில் தலைகீழாகப் பாய வேண்டும். தாழ வந்ததும் குண்டை விட்டுவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பாயும்போது வேகம் கட்டுக்குள் நிற்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் தட்டி போல மடிப்புகள் வைத்தார்கள். அவற்றை விரித்ததும் வேகம் அடங்கியது. ஆனால் மடிப்பில் முட்டிக் கலங்கிய காற்று பின்னால் போய் வாலைப் பிடித்து உலுக்கியது.

என்ன செய்தார்கள் தெரியுமா? மடிப்பு முழுக்க வரிசை வரிசையாக ஓட்டை போட்டார்கள். ஜல்லிக்கரண்டி பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். காற்றில் ஒரு பங்கு ஓட்டை வழியாகப் போனது, வால் அடங்கியது.

இந்த வடிவமைப்பை வளர்த்து டான்ட்லெஸ் ஆக்கியவர் எட் ஹைன்மன். தானாகவே படித்துப் பொறியாளர் ஆனவர். 1926-ல் டக்ளஸ் கம்பெனியில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தார், ஒரு வருடத்துக்குள் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அவர் வேலை பார்த்த நார்த்ராப்பையே டக்ளஸ் வாங்கியபோது மறுபடி அங்கேயே போய்ச் சேர்ந்தார். இந்த இடத்தில்தான் நம் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பூட்டிக் கிடக்கும் பட்டறை எனக்கு ஞாபகம் வருகிறது. நான் முதன்முதலில் அரம் பிடித்தது அந்த அறையில். இன்றைக்கு அங்கே இருக்கும் லேத்தின், அதாவது கடைசல் எந்திரத்தின், மேல் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

1942 ஜூன் 4. பசிபிக் கடலில் மிட்வே தீவுப் பக்கம். யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 17 டான்ட்லெஸ் கிளம்புகின்றன. தலைவர் மாக்ஸ் லெஸ்லி. வயிற்றுக்கு அடியில் 450 கிலோ குண்டு. குண்டை வெடிக்கத் தயார்படுத்துவதற்கு மின்சார சுவிட்ச் ஒன்று புதிதாக வைத்திருந்தார்கள். லெஸ்லி சுவிட்சைப் போட்டார். தயாராக வேண்டிய குண்டு தொப்பென்று கடலில் விழுந்துவிட்டது! தாய்மாமன் சீர்த்தட்டோடு கிளம்பி, பாதி வழியில் தட்டை ஆற்றில் விட்ட கதை. அவருக்கு மட்டுமா? இன்னும் மூன்று பேருக்கும் அப்படியே ஆனது. மிச்சம் 13 குண்டு.

நாமாக இருந்தால் திரும்பியிருப்போம். ஐயா தலையாட்டுகிறார், அவரும் திரும்பியிருப்பாராம்! லெஸ்லி திரும்பவில்லை. வெறும் இயந்திரத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கடைசிவரை முன்னால் பறந்தார். சோர்யு என்ற ஜப்பானியக் கப்பல் கண்ணில் பட்டதும் முதல் ஆளாகப் பாய்ந்ததும் அவர்தான். பின்னால் வந்தவர்களின் குண்டுகளில் மூன்று சரியாக விழுந்தன. கப்பல் எரிந்தது. திரும்பி வந்தால், அவருடைய கப்பலையே எதிரி தாக்கிக்கொண்டிருக்கிறான். இறங்க இடமில்லை. அஸ்டோரியா என்ற போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி உயிர் பிழைத்தார். ஒரு சுவிட்ச், ஒரு வயர்! யாரோ ஒருவர் கையில் இருந்த வேலை அது. பட்டறை வேண்டும் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

அதே சில நிமிடங்களில் என்டர்பிரைஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பலின் டான்ட்லெஸ்கள் காகா, அகாகி என்ற இரண்டு ஜப்பானிய விமானந்தாங்கிகளை அடித்தன. ஜப்பானின் அராஷி என்ற நாசகாரிக் கப்பல் தன் கூட்டத்தைத் தேடி வேகமாகப் போவதைப் பார்த்து, அது போன திசையிலேயே போய் இலக்கைக் கண்டுபிடித்தவர் வேட் மெக்கிளஸ்கி. சாயங்காலம் நான்காவது ஜப்பானிய விமானந்தாங்கியான ஹிர்யுவும் தீப்பிடித்தது. அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஏப்ரலில், கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய படையில் இருந்தவை.

இத்தனைக்கும் டான்ட்லெஸ் அப்போதே பழைய சரக்கு. மணிக்கு 410 கிலோமீட்டர்தான் அதன் உச்ச வேகம். இறக்கையை மடிக்க முடியாது, கப்பலில் இடத்தை அடைக்கும். குளிர்ந்த உயரத்திலிருந்து ஈரக்காற்றுக்குள் பாய்ந்தால் குறிபார்க்கும் தொலைநோக்கி பனி படிந்து மங்கிவிடும். மிட்வேக்கு முந்தின மாதம் நடந்த பவளக் கடல் சண்டையில் விமானிகள் அதோடு பட்ட பாடு பெரும்பாடு. எஸ்.பி.டி. என்ற அதன் எழுத்துகளுக்கு ‘ஸ்லோ பட் டெட்லி’ என்று அவர்களே விரிவு சொன்னார்கள். மெதுவாகத்தான் வரும், வந்தால் ஆளை முடிக்கும். ஓட்டைச் சட்டி, கொழுக்கட்டை! மொத்தம் 5,936 செய்தார்கள்.

மூன்றாவது செய்தி, அதற்குப் பதிலாக வந்த ஹெல்டைவர். 1943 நவம்பரில்தான் அது சண்டைக்கே வந்து சேர்ந்தது... தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், துண்டுச்சீட்டும் வந்துவிட்டது. ஹெல்டைவரை அடுத்த கூட்டத்தில் முழுசாகச் சொல்கிறேன்.

பட்டறைக்கு மட்டும் ஒரு நிமிடம் கொடுங்கள். அந்த லேத்தைப் போன வாரம் நானும் இரண்டு ஃபிட்டர்களும் துடைத்துப் பார்த்தோம். இரும்புத் துண்டைப் பிடித்துச் சுற்றும் சக், கையால் சுற்றினாலே சுற்றுகிறது. பெல்ட்டும் மோட்டார் வயரும்தான் புதிதாக வேண்டும். வாரம் இரண்டு மாலை நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். கதவைத் திறக்கச் சொல்லும் மனு டீ மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து தலைவர் அம்மாவுடையது என்று அவர்களைக் கேட்காமலேயே எழுதி இடம் விட்டிருக்கிறேன். மன்னிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.