குழந்தை எங்கே படுக்கிறது?

வணக்கம். நான் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். இருமல், இழைப்பு என்று மாதாமாதம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே, "குழந்தை ராத்திரி எங்கே படுக்கிறது?" என்று கேட்டுவிடுவேன்.

ஒரு அம்மா, "சுவரோரமாகத்தான் டாக்டர், உருண்டு விழுந்துவிடக் கூடாதே" என்றார். போனில் படம் எடுத்து வரச் சொன்னேன். ஓதம் ஏறிய சுவர், தலையணை படுகிற உயரத்தில் கறுப்புப் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. வாடகை வீடு, வீட்டுக்காரர் பூசித் தரமாட்டார், வேறு வீடு பார்க்கக் கையில் முன்பணம் இல்லை. பகலில் மருந்து தணிக்கிற இழைப்பை ராத்திரியில் அந்தச் சுவர் கிளறிவிடுகிறது. இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் விழாமல் இருக்கட்டும் என்ற அக்கறையில்தான் அந்த இடத்தையே அவர் தேர்ந்தெடுத்தார்.

சரி, சுவருக்கு வெளியே தெரு இருக்கிறதே. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், உயரமும் குறைவு, வண்டிப் புகை நேராக முகத்துக்கே வரும். லண்டனில் நெரிசலான சாலைக்குப் பக்கத்தில் வளர்ந்த எல்லா (Ella) என்ற சிறுமி 2013இல் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள், வயது 9. அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தது 2020இல். அவள் தாய் விடாமல் போராடியிராவிட்டால் அந்த வரி எழுதப்பட்டே இருக்காது.

அப்புறம், வீட்டுக்குள் நடப்பது. தினமும் சண்டை, அடி, வேலை போன பயம் என்று இருக்கிற வீட்டில் குழந்தையின் உடம்பு எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும், தூக்கம் கெடும், நோய் எதிர்ப்புச் சக்தியும் ஆட்டம் காணும். அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வு, சின்ன வயதில் இப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக்கூட, வளர்ந்தபின் இதய நோய், மனச்சோர்வு போன்றவையும் கூடுவதைக் காட்டியது. ஆனால் பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, குழந்தை நம்பி ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒரே ஒரு ஆள் இருந்தால் அந்தப் பாரம் நிறையவே குறைகிறது. அதனால், "பயந்தால் யாரிடம் ஓடும்?" என்றும் கேட்கிறேன்.

முதலில் சொன்ன ஓதச் சுவர் வீட்டில் கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டார்கள், விளிம்பில் அப்பா படுத்துக்கொள்கிறார். ஓதத்தால்தான் இழைப்பு கூடுகிறது என்று வீட்டுக்காரரிடம் காட்ட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது. சுவரை இன்னும் பூசவில்லை, இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.