சிரித்துக்கொண்டே ஓடத் தெரியாதவர்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம். நீண்ட தூர ஓட்டத்தில் ஒரு சாம்பியனை உருவாக்குவது பிறவித் திறமையா, பயிற்சியா என்பது இன்றைய கேள்வி. பயிற்சிதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நுரையீரல், கால் நீளம், ரத்தம் என்று ஒரு லேப் ரிப்போர்ட்டையே வாசித்துவிட்டுப் போனார். ஓட்டக்காரர் கருவிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறாராம். சரி, அவருக்கு ஒரு ஆளைக் காட்டுகிறேன். பெயர் எமில் ஜாட்டோபெக். 1922-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர்.

பதினெட்டு வயதில் இவர் ஸ்லீன் நகரில் பாட்டா செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. ஆமாம், நம் வீட்டு வாசலில் கிடக்கிற அதே பாட்டாதான். ஓட்டத்தில் ஆசையே கிடையாது. 1941-இல் தொழிற்சாலை நடத்திய பந்தயத்தில் இவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். டாக்டரிடம் அனுப்பினார்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை, ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் ஓடினார். நூறு பேரில் இரண்டாவதாக வந்தார்.

எதிரணி வரிசையில் சிரிப்பது தெரிகிறது. பயிற்சியே இல்லாமல் இரண்டாமிடமா, அதுதானே திறமை என்று குறிப்பு எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் அந்த இரண்டாமிடத்துக்கும் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வாங்கிய 10,000 மீட்டர் தங்கத்துக்கும் நடுவே ஏழு வருடம் கிடக்கிறதே, அதில் என்ன நடந்தது?

400 மீட்டர் வேகமாக ஓடுவார். 200 மீட்டர் மெல்ல ஓடி மூச்சு வாங்குவார். மறுபடியும் 400. இப்படி ஒரே நாளில் இருபது தடவை. பின்னாளில் நூறு வரை போனார். மெதுவாக ஓடத்தான் ஏற்கெனவே தெரியுமே, வேகமாக ஓட அல்லவா பழக வேண்டும் என்பது அவர் கணக்கு. ராணுவத்தில் சேர்ந்த பிறகு கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் ஓடினார். கருவிலேயே ஓடத் தெரிந்த காலுக்கு எதற்குத் தம்பி அந்த பூட்ஸ்?

ஓடும் அழகையாவது பிறவி கொடுத்ததா? தலை ஒரு பக்கம் சாயும், தோள் தூக்கும், முகம் வலியில் கோணும். இதைப் பற்றிக் கேட்டவர்களிடம், ஓடிக்கொண்டே சிரிக்கிற அளவுக்குத் தனக்குத் திறமை கிடையாது என்றார். நடுவர் அவர்களே, சம்பந்தப்பட்டவரே வாக்குமூலம் கொடுத்தாகிவிட்டது!

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். ஜூலை 20-இல் 10,000 மீட்டர் தங்கம், 24-இல் 5,000 மீட்டர் தங்கம். அதே 24-ஆம் தேதி மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம். கணவனும் மனைவியும் பிறந்தது ஒரே வருடம், ஒரே நாள். இந்தப் பொருத்தத்தை வேண்டுமானால் பிறவிக் கணக்கில் எதிரணி எழுதிக்கொள்ளட்டும். 27-ஆம் தேதி மாரத்தான். அதற்கு முன் அவர் மாரத்தான் ஓடியதே இல்லை. வேகம் எவ்வளவு என்று தெரியாததால் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் பக்கத்திலேயே ஓடி, இந்த வேகம் சரிதானா என்று அவரிடமே கேட்டார். ரொம்ப மெதுவு என்று பீட்டர்ஸ் சும்மா சொல்லிவைக்க, இவர் நம்பி முன்னால் போய்விட்டார். பீட்டர்ஸால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. இவருக்கு மூன்றாவது தங்கம்.

10,000 மீட்டரை 29 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரும் இவர்தான். 1954-இல், 31 வயதில். பிறவித் திறமை என்றால் அத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்தது?

மணியில் கை வைத்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் உலக சாதனைகளை வரிசையாக உடைத்தவர். ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிடைக்கவே இல்லை. உழைத்தும் கிடைக்கவில்லையே என்று எதிரணி இவரைக் கையில் எடுக்கும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 1966-இல் கிளார்க் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராக் வந்துவிட்டுத் திரும்பும்போது ஜாட்டோபெக் அவர் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைத் திணித்தார். விமானத்தில் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஹெல்சிங்கியில் வாங்கிய 10,000 மீட்டர் தங்கப் பதக்கம். அந்த வழக்கில் ஜாட்டோபெக் தீர்ப்பு சொல்லிவிட்டார். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.