படுக்கையை நனைக்கிற பிள்ளை: ஓ.பி.க்கு முன்னாடி ஏழு ராத்திரி

வணக்கம். ராத்திரி படுக்கையில ஒண்ணுக்குப் போற பிள்ளைங்களைப் பத்தி இன்னிக்குப் பேசுவோம், குறிப்பா மாற்றுத்திறன் உள்ள பிள்ளைங்களைப் பத்தி. "அவனுக்குத்தான் மூளை வளர்ச்சி கம்மியாச்சே, அது அப்படித்தான்"னு ஒரே வரில முடிச்சிடறாங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி மலச்சிக்கல் இருக்கலாம், நீர்த்தாரைத் தொற்று இருக்கலாம், ராத்திரில வர்ற வலிப்பு இருக்கலாம். சோடியம் வால்ப்ரோயேட்னு வலிப்புக்குக் குடுப்பாங்க இல்லையா, சில பிள்ளைங்களுக்கு அதுவே படுக்கையை நனைக்க வைக்கும். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்ப இந்த நோட்டைப் பாருங்க. கேமராகிட்ட காட்டறேன். ஏழு ராத்திரி, நாலு கட்டம்: படுத்த நேரம், நனைஞ்சுதா, எவ்வளவு, வெளிக்குப் போனது எப்படி. "எவ்வளவு"தான் சிக்கல்னு நினைப்பீங்க. டயப்பர் போடற பிள்ளைன்னா சமையல் தராசு போதும். போடறதுக்கு முன்னாடி ஒரு எடை, காலையில ஒரு எடை. கூடுற ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி. எழுந்ததும் முதல்ல போற ஒண்ணுக்கையும் அளவுக் கப்பில பிடிச்சு அதோட கூட்டிக்குங்க.

மூத்திரப்பை எவ்வளவு தாங்கும்னா, வயசோட ஒண்ணைக் கூட்டி முப்பதால பெருக்குங்க. ஏழு வயசுக்கு 240 மில்லி. ராத்திரிக் கணக்கு அதை விட முப்பது சதவீதம் கூட, அதாவது சுமார் 310ஐத் தாண்டினா, சிறுநீரே அதிகமா ஊறுதுன்னு அர்த்தம். அதுக்கு டெஸ்மோபிரெசின் மாத்திரை கேக்கும். ஆனா அதைப் போடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிலேர்ந்து எட்டு மணி நேரம் பின்னாடி வரைக்கும் தண்ணி ஒண்ணு ரெண்டு மடக்குக்கு மேல கூடாது. மீறினா ரத்தத்துல உப்பு இறங்கி வலிப்பு வரலாம். வாந்தி, பேதி இருக்கிற அன்னிக்கு மாத்திரையே வேண்டாம்.

பகல்ல அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாப் போறான், வெளிக்கு ஆட்டுப் புழுக்கை மாதிரி வருதுன்னா, முதல்ல மலச்சிக்கலைப் பாக்கணும். நிரம்பின மலக்குடல் மூத்திரப்பையை நசுக்குது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைங்ககிட்ட இது ரொம்ப சகஜம். இளக்கற மருந்து மாசக்கணக்குல ஓடும், ரெண்டு வாரத்துல நிறுத்தினா மறுபடியும் அதே கதைதான். உக்காரும்போது கால் தொங்கக்கூடாது. காலடில ஒரு முக்காலி, முட்டி இடுப்பை விட மேல இருக்கணும்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கே சொம்பை ஒளிச்சு வைக்கறாங்க சிலர். பகல் பூரா நல்லாக் குடிக்கட்டும், படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி குறைச்சாப் போதும். டீ, காபி வேண்டாம்.

ஈரம் பட்டதும் அடிக்கிற படுக்கை அலாரம் வாங்கினீங்கன்னா, முதல் சில வாரம் அது பிள்ளையை எழுப்பாது, உங்களைத்தான் எழுப்பும். நீங்க அவனை எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும். காது கேக்காத பிள்ளைக்கு அதிர்ற வகை இருக்கு. சத்தம் தாங்காத ஆட்டிசம் பிள்ளைக்கும் அதுதான் தோது. பதினாலு ராத்திரி தொடர்ந்து நனையாத வரைக்கும் கழட்டாதீங்க.

எங்க போறது? முதல்ல ஆரம்ப சுகாதார நிலையம். சிறுநீர்ல சர்க்கரை, புரதம், தொற்று மூணும் பாக்கச் சொல்லுங்க. அங்கிருந்து சீட்டு வாங்கி டி.இ.ஐ.சி., அதாவது மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரியில இருக்கிற ஆரம்ப இடையீட்டு மையம். குழந்தை டாக்டர், பிசியோ, சிறப்பு ஆசிரியர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ. பதினெட்டு வயசு வரைக்கும் பாப்பாங்க. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேன்ல வந்து பிள்ளைங்களைப் பரிசோதிக்கிற ஆர்.பி.எஸ்.கே.ங்கற அரசுத் திட்டத்து டீமும் அங்கதான் அனுப்புவாங்க. ஒரு விஷயம்: 2013ல அந்தத் திட்டம் வந்தப்ப போட்ட முப்பது நோய்ப் பட்டியல்ல படுக்கை நனைக்கிறது கிடையாது. அவங்களா கேக்க மாட்டாங்க, நீங்கதான் வாய் திறக்கணும்.

நோட்டெல்லாம் எழுதிட்டு இருக்காம உடனே ஓட வேண்டியது: கீழ் முதுகுல குழியோ முடிக்கற்றையோ இருக்கு, கால் வலு குறையுது, பகல்லயும் சொட்டிக்கிட்டே இருக்கு. தண்டுவடக் குறைபாடா இருந்தா அலாரம் வீண். சுத்தமான குழாய் விட்டு மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருவாட்டி மூத்திரத்தை எடுக்கக் கத்துக்கணும், இல்லேன்னா கிட்னி கெட்டுப் போகலாம். தாகம் எடுத்துக் குடம் குடமாக் குடிச்சு இளைக்கிறான்னா அன்னிக்கே சர்க்கரை பாருங்க.

ராத்திரில சந்தேகம்னா அரசு மருத்துவ ஆலோசனை எண் 104க்குப் போன் போடுங்க. ஓ.பி. சீட்டுல "ஏழு ராத்திரில அஞ்சு நனைஞ்சது, சராசரி இத்தனை மில்லி"ன்னு டாக்டரையே எழுதச் சொல்லுங்க. வாய்வார்த்தையா சொன்னது அடுத்த மேஜைக்குப் போய்ச் சேராது.